கணினி கூறும் ‘இல்லை’: பெயர்த் தேடலும் பழுதறியும் முறையும்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்லங்குறிச்சியில் நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், இளைஞர்களுக்குப் பயன்படும் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். கல்வியின் சிறப்பைப் பொதுவாகப் புகழ்ந்து பேசி அமர்வது எளிது. ஆயினும் இங்கே அமர்ந்திருக்கும் மாணவ மாணவியருள் பலர் அடுத்த சில திங்களில் உதவித்தொகைக்கோ, கல்லூரிச் சேர்க்கைக்கோ, அரசுப் பணித் தேர்வுக்கோ கணினி வழியாக விண்ணப்பிக்க இருக்கின்றனர். அவர்களுக்கு நேரக்கூடிய ஓர் இடையூற்றையும், அதனை ஆராய்ந்து நீக்கும் முறையையும் கூறினால் இந்த ஒரு மணி நேரம் வீணாகாது என்று கருதுகிறோம்.

அந்த இடையூறு யாது? தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்கிறோம். திரையில் ‘இத்தளத்தை அடைய இயலவில்லை’ என்னும் பொருள்பட ஓர் ஆங்கில வாசகம் தோன்றுகிறது. அன்று விண்ணப்பிக்கக் கடைசி நாளாக இருந்தால் என்ன ஆகும்? பட்டியல் இனத்து மாணவர்களுக்கான மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் 1944 முதல் நடைமுறையில் இருப்பது. அதனால் படித்து மேல்நிலை அடைந்தோர் நம்மிடையே பலர். அந்த உதவிக்கும் இன்று கணினியே வாயில். அவ்வாயிலில் ஓர் ‘இல்லை’ எழுந்தால், ‘சர்வர் இல்லையாம்’ என்று கூறிக்கொண்டு மாணவர் வீடு திரும்புகின்றார். ஓராண்டு உதவி போகின்றது. சில குடும்பங்களில் அத்தோடு படிப்பும் போகின்றது.

நம் பாட்டன்மார் அலுவலகத்துச் சன்னலுக்கு வெளியே நின்று ‘இல்லை, போ’ என்னும் விடையைக் கேட்டுத் திரும்பியவர்கள். அதைச் சொன்னவர் யார், எந்த அதிகாரத்தால் சொன்னார், ஏட்டைப் பார்த்துச் சொன்னாரா பாராமல் சொன்னாரா என்று கேட்கும் நிலை அவர்களுக்கு இல்லை. நமக்கு அந்நிலை வந்திருக்கின்றது. மனிதர் கூறும் இல்லையைக் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்ட நாம், இயந்திரம் கூறும் இல்லையையும் கேள்வி கேட்கக் கற்றல் வேண்டும். இன்று நாம் வலியுறுத்த விரும்புவது இந்த ஒன்றையே.

பெயரும் முகவரியும்

கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. அவ்வெண்ணை ஐ.பி. முகவரி என்பர். மனிதராகிய நமக்கு எண்களை நினைவில் வைப்பது அரிது, பெயர் எளிது. ஆகவே பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தரும் ஏற்பாடு ஒன்று தேவைப்பட்டது. அதற்கு டி.என்.எஸ். என்று பெயர்.

தொடக்கக் காலத்தில் அமெரிக்காவில் சில நூறு கணினிகளே இணைக்கப்பட்டிருந்தன. அவற்றின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. கலிபோர்னியாவில் எலிசபெத் ஃபைன்லர் என்னும் அம்மையார் தலைமையில் இயங்கிய தகவல் மையம் அந்தப் பதிவேட்டைப் பராமரித்தது. கணினிகள் பெருகியபோது ஒரே பதிவேடு போதவில்லை. 1983-ஆம் ஆண்டில் பால் மோக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர், பொறுப்பைப் படிப்படியாகப் பகிர்ந்தளிக்கும் முறையை வகுத்தார். இன்று உலகம் பயன்படுத்தும் டி.என்.எஸ். அதுவே.

இதை நம் அஞ்சல் துறையைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். 1972 ஆகஸ்டு 15 அன்று பின்கோடு முறை நடைமுறைக்கு வந்தது. ஆறு என்று தொடங்கும் எண்ணைக் கண்டவுடன் அக்கடிதம் தமிழ்நாடு, கேரளப் பகுதிக்கு உரியது என்று அறிகின்றனர். முதல் மூன்று இலக்கங்களால் எந்த அஞ்சல் பிரிப்பு மாவட்டம் என்று தெரிகின்றது. கடைசி மூன்று இலக்கங்களால் எந்த அஞ்சலகம் என்று தெரிகின்றது. தில்லியில் இருப்பவருக்குக் கல்லங்குறிச்சித் தெருக்கள் தெரிய வேண்டுவதில்லை. அடுத்த படியில் யாரிடம் ஒப்படைப்பது என்று தெரிந்தால் போதும்.

டி.என்.எஸ். முறையும் அப்படித்தான். அரசுத் தளம் ஒன்றின் பெயர் ‘கவ் டாட் இன்’ என்று முடிவதாகக் கொள்வோம். இப்பெயரை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். நம் கணினி, இணைப்பு தரும் நிறுவனத்தின் டி.என்.எஸ். சர்வரிடம் கேட்கின்றது. அந்தச் சர்வருக்கு விடை தெரியாவிட்டால் முதலில் வேர்ச் சர்வரிடம் செல்கின்றது. வேர், ‘இன் என்று முடிவன பற்றி இன்னாரிடம் கேள்’ என்று கைகாட்டுகின்றது. அவர், ‘கவ் டாட் இன் பற்றி அடுத்தவரிடம் கேள்’ என்கின்றார். இறுதியில் அப்பெயருக்குப் பொறுப்பானவர் எண்ணைக் கூறுகின்றார். இத்தனையும் கண் இமைக்கும் நேரத்தில் நடந்து முடிகின்றன.

ஒவ்வொரு முறையும் இவ்வளவு தூரம் நடப்பது வீண் என்பதால், ஒருமுறை கிடைத்த விடையைக் குறிப்பிட்ட காலம் வரை நினைவில் வைத்துக்கொள்வர். இந்நினைவகத்தைக் கேஷ் என்பர். இதனால் விரைவும் உண்டு, சில வேளைகளில் குழப்பமும் உண்டு. நம் அரியலூர் மாவட்டத்தின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2001-இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்தோம். 2002-இல் மீண்டும் சேர்க்கப்பட்டோம். 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டம் ஆனோம். ஆணை பிறந்த நாளிலேயே ஊரார் அனைவரும் முகவரியை மாற்றி எழுதிவிடுவதில்லை. பழைய மாவட்டப் பெயர் கடித உறைகளில் சில காலம் தொடரத்தான் செய்யும். நம் தெருக்களோடு ஒட்டிவந்த ‘காலனி’ என்னும் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாகத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தது. நாவில் படிந்த சொல் நீங்குவதற்கோ ஆணையோடு காலமும் வேண்டியிருக்கின்றது. கணினியின் நினைவும் இத்தகையதே. தளம் புதிய எண்ணுக்கு மாறிய பின்னும் பழைய எண்ணையே அது சில மணி நேரம் கூறக்கூடும்.

இன்னும் ஒன்று. கிடைத்த விடையை மட்டும் அது நினைவில் வைப்பதில்லை. ‘இல்லை’ என்ற விடையையும் சிறிது காலம் நினைவில் வைத்துக்கொள்ளும். காலையில் இல்லாதிருந்த பெயர் நண்பகலில் பதிவாகிவிட்டாலும், நம் கணினி மறுபடி ஏட்டைப் பார்க்காமல் காலையில் கேட்ட ‘இல்லை’யையே திருப்பிச் சொல்லலாம்.

‘இல்லை’யின் வகைகள்

இளைஞர்களே, இப்பகுதியைக் கருத்தூன்றிக் கேட்க வேண்டுகிறோம். பெயர் தேடும்போது வரும் எதிர்மறை விடைகள் எல்லாம் ஒன்றல்ல.

முதலாவது, ‘நான்-எக்ஸிஸ்டன்ட் டொமைன்’ என்பது. லினக்ஸ் கருவிகளில் இது ‘என்.எக்ஸ். டொமைன்’ என்று தோன்றும். ‘ஏட்டைப் பார்த்தோம், அப்படி ஒரு பெயரே இல்லை’ என்பது இதன் பொருள். பெரும்பாலும் நாம் எழுத்துப் பிழை செய்திருப்போம். நம் ஊருக்கே இத்துன்பம் உண்டே! கல்லங்குறிச்சி என்பதில் இரண்டோர் எழுத்து பிறழ்ந்தால் கள்ளக்குறிச்சி ஆகிவிடுகின்றது. அது 2019-இல் உருவான வேறொரு மாவட்டம். பெயரில் ஓர் எழுத்து பிறழ்ந்தால் ஒன்று, வழி இல்லாமற் போகும்; அல்லது வேறு வாயிலுக்குப் போய்ச் சேருவோம்.

இரண்டாவது, ‘சர்வர் ஃபெயில்டு’ என்பது. ‘பெயர் உண்டா இல்லையா என்று எம்மால் கண்டறிய இயலவில்லை’ என்பது இதன் பொருள். பெயர் இல்லை என்று இது கூறவில்லை. 2021 அக்டோபர் 4 அன்று இரவு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பராமரிப்பின்போது நேர்ந்த தவற்றினால் அந்நிறுவனத்தின் டி.என்.எஸ். சர்வர்களுக்குச் செல்லும் வழிகளே இணையத்திலிருந்து மறைந்துபோயின. ஏடு இருந்தது, ஏடு இருந்த அறைக்குச் செல்லும் பாதை இல்லை. அன்று கேட்டவர்க்கெல்லாம் கிடைத்த விடை இந்த இரண்டாம் வகையே.

மூன்றாவது, ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்பது. கேட்டோம், குறித்த நேரத்துக்குள் எவரும் மறுமொழி கூறவில்லை. சன்னல் மூடிக் கிடக்கின்றது. இணைப்பு அறுந்திருக்கலாம், ரவுட்டர் மயங்கிக் கிடக்கலாம், நிறுவனத்தின் சர்வர் ஓய்ந்திருக்கலாம், நடுவில் உள்ள தடுப்புச் சுவர் கேள்வியை மறித்திருக்கலாம்.

நான்காவது, ‘க்வெரி ரெஃப்யூஸ்டு’ என்பது. ‘உமக்கு விடை தரமாட்டேன்’ என்பது பொருள். வெளியாருக்கு விடை தராத சர்வரிடம் நாம் கேட்டிருப்போம்.

‘அப்படி ஒன்று இல்லை’, ‘எமக்குத் தெரியவில்லை’, ‘சன்னல் மூடியிருக்கின்றது’, ‘உமக்குச் சொல்ல மாட்டோம்’ ஆகிய இந்நான்கையும் வேறுபடுத்தி அறிந்தவர் பாதிப் பழுதைக் கண்டுபிடித்துவிட்டார். நான்கையும் ‘சர்வர் இல்லை’ என்னும் ஒரே சொல்லில் அடக்குபவர் வீடு திரும்புகின்றார்.

ஆராயும் ஒழுங்கு

மேசைக் கணினியில் இதை ஆராயும் ஒழுங்கைக் கூறுகிறோம். கட்டளைகளைக் கணினியில் ஆங்கில எழுத்திலேயே தட்டச்சு செய்ய வேண்டும். அவற்றைக் கரும்பலகையில் அவ்வாறே எழுதிக் காட்டினோம். இம்மலரில் அவற்றின் ஒலியைத் தமிழில் தருகிறோம்.

முதற்படி, வேறொரு தளத்தைத் திறந்து பாருங்கள். எதுவுமே திறக்கவில்லையானால் குறை இணைப்பிலோ பொதுவான பெயர்த் தேடலிலோ உள்ளது. ஒன்று மட்டும் திறக்கவில்லையானால் அந்தத் தளத்தையோ அதன் பெயரையோ பற்றியது.

இரண்டாம் படி, விண்டோஸ் கணினியில் ‘கமாண்ட் பிராம்ப்ட்’ என்னும் கறுப்புத் திரையைத் திறந்து ‘பிங் 8.8.8.8’ என்று இடுங்கள். அது பெயர் தேவைப்படாத வெறும் எண். மறுமொழி வந்தால் இணைப்பு உயிரோடு இருக்கின்றது. வராவிட்டால் கம்பியையும் வைஃபையையும் ரவுட்டரையும் முதலில் பாருங்கள்.

மூன்றாம் படி, ‘என்.எஸ்.லுக்-அப்’ என்று இட்டு, ஓர் இடைவெளி விட்டு, தளத்தின் பெயரை எழுதுங்கள். முதல் இரு வரிகள் யாரிடம் கேட்டோம் என்பதைக் கூறும். அடுத்து வருவதே விடை. விடையைப் படிக்கும் முன், விடை தந்தவர் யார் என்று படியுங்கள்.

நான்காம் படி, அதே கட்டளையின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்று சேர்த்து மறுபடி கேளுங்கள். இப்போது கூகுள் நிறுவனம் 2009 முதல் நடத்திவரும் பொது டி.என்.எஸ். சர்வரிடம் கேட்கின்றோம். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2018-இல் தொடங்கிய 1.1.1.1 என்பதும் இத்தகையதே. முதலில் கேட்டவர் மௌனம் சாதித்து, இரண்டாமவர் விடை கூறினால் குறை முதலாமவரிடத்தில். இருவரும் ‘அப்படிப் பெயர் இல்லை’ என்றால் குறை பெரும்பாலும் நம் எழுத்தில். இருவரும் ‘கண்டறிய இயலவில்லை’ என்றால் குறை பெரும்பாலும் தளத்தாரிடத்தில்.

ஐந்தாம் படி, பழைய நினைவை அழிப்பது. ‘ஐ.பி.கான்ஃபிக்’ என்று இட்டு, இடைவெளி விட்டு, சாய்கோட்டுடன் ‘ஃப்ளஷ் டி.என்.எஸ்.’ என்று சேர்த்து எழுதுங்கள். கணினி தான் மனப்பாடம் செய்ததை மறந்து புதிதாகக் கேட்கும். ரவுட்டரை ஒருமுறை அணைத்து ஏற்றினால் ரவுட்டரின் நினைவு அழியும்; கணினியின் நினைவை அது அழிக்காது.

லினக்ஸ் கணினியில் ‘டிக்’ என்னும் கருவி இன்னும் தெளிவாகப் பேசும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்றவற்றில் ‘கட்டளை காணப்படவில்லை’ என்று வந்தால் அஞ்ச வேண்டா. அக்கருவி அக்கணினியில் நிறுவப்படவில்லை, அவ்வளவே. டெபியன் வழிவந்தவற்றில் ‘டி.என்.எஸ்.யூடில்ஸ்’ என்னும் தொகுப்பை நிறுவினால் வந்துவிடும். அக்கருவியோடு ‘பிளஸ் டிரேஸ்’ என்று சேர்த்தால், வேரிலிருந்து படிப்படியாக யார் யாரைக் கைகாட்டினர் என்பதையே திரையில் காணலாம். மாணவர்க்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

கருவியே மயக்கும் இடங்கள்

தேடும் கருவிகளும் சில இடங்களில் நம்மை மயக்கும். அவற்றையும் அறிந்துகொள்ள வேண்டும்.

‘சர்வர்: அன்நோன்’ என்று முதல் வரியில் வந்தால் பலர் அதையே பழுது என்று எண்ணுகின்றனர். விடை கூறும் சர்வரின் எண் தெரியும், அதற்குரிய பெயர் பதிவில் இல்லை என்பதே அதன் பொருள். ‘நான்-அத்தாரிட்டேட்டிவ் ஆன்சர்’ என்று வந்தாலும் பழுதன்று. ஏட்டுக்கு உரியவரிடமிருந்து நேரே வராமல் இடைநின்றவர் வழியாக வந்த விடை என்பது மட்டுமே அதன் குறிப்பு. உண்மை நகலைப் போன்றது அது.

‘பிங்’ கட்டளைக்கு மறுமொழி இல்லை என்பதால் தளம் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. பல தளங்கள் பாதுகாப்புக் கருதி அதற்கு மறுமொழி தருவதில்லை. பெயருக்கு அருகில் எண் தோன்றிவிட்டதா என்று மட்டும் பாருங்கள். தோன்றியிருந்தால் பெயர்த் தேடல் வெற்றி.

கருவி எண்ணைக் கூறுகின்றது, பிரௌசரோ திறக்க மறுக்கின்றது. அல்லது பிரௌசர் திறக்கின்றது, கருவியோ இல்லை என்கின்றது. இது எவ்வாறு? ‘என்.எஸ்.லுக்-அப்’ நேரே சர்வரிடம் கேட்பது. கணினியின் சொந்த நினைவையும் ‘ஹோஸ்ட்ஸ்’ என்னும் உள்ளூர்க் கோப்பையும் அது பார்ப்பதில்லை. மற்ற மென்பொருள்கள் அவற்றைப் பார்த்துவிட்டே வெளியே கேட்கும். ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பில் எவரேனும் தவறான எண்ணை எழுதியிருந்தால், கருவி உண்மையைச் சொல்லும். பிரௌசர் தவறான இடத்துக்குச் செல்லும். அன்றியும் இக்காலப் பிரௌசர்கள் சில, ‘செக்யூர் டி.என்.எஸ்.’ என்னும் ஏற்பாட்டினால் தமக்கென்று தனிச் சர்வரிடம் மறைமுகமாகக் கேட்கின்றன. ஆகவே இருவர் வெவ்வேறு ஆளிடம் கேட்டு வெவ்வேறு விடை பெற்றிருக்கலாம்.

கணினியின் தேதியையும் பாருங்கள். பழைய மேசைக் கணினியில் உள்ளிருக்கும் காசு போன்ற சிறு பேட்டரி தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் தேதி பல ஆண்டு பின்னோக்கிப் போய்விடும். அப்போது பிரௌசர், ‘இணைப்பு பாதுகாப்பானதன்று’ என்று அச்சுறுத்தும். பெயர்த் தேடலில் குறை ஏதும் இராது. தளத்தின் சான்றிதழ் அந்தப் பொய்த் தேதிக்குப் பொருந்தாததே காரணம். சில ரூபாய்ப் பேட்டரி ஒன்றை மாற்றினால் தீரும் குறைக்காகக் கணினியையே ஒதுக்கி வைக்க வேண்டுவதில்லை.

நம் தமிழுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. இணையப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் அமைக்கலாம் என்பதைச் சோதிக்க, உலகப் பெயர் நிருவாக அமைப்பான ஐகான் 2007 அக்டோபரில் ‘உதாரணம்.பரிட்சை’ என்னும் பெயரை ஏற்படுத்தியது. சோதிக்கப்பட்ட பதினொன்றுள் தமிழும் ஒன்று. அதன் பின்னர் ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’ ஆகிய தமிழ் முடிவுகள் வேரேட்டில் இடம்பெற்றன. ஆயினும் டி.என்.எஸ். உள்ளே இத்தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்துகளாலான குறியீடாக மாற்றப்பட்டே பயணம் செய்கின்றன. ‘எக்ஸ்-என்’ என்னும் இரண்டெழுத்தும் இரண்டு சிறுகோடுகளும் அதன் அடையாளம். பிரௌசர் இம்மாற்றத்தைத் தானே செய்துவிடும். பெயர் தேடும் கருவிகள் எல்லாம் அவ்வாறு செய்வதில்லை. அவை தமிழ்ப் பெயரைக் கண்டு ‘இல்லை’ என்று கூறினால், ஏட்டில் அப்பெயர் இல்லை என்று கொள்ளாதீர்கள். நம் எழுத்தைப் படிக்கத் தெரியாதவர் சொன்ன இல்லை அது. குறியீட்டு வடிவத்தைக் கொடுத்துக் கேட்டால் உண்மை விடை கிடைக்கும்.

மாலை வகுப்பில் நடந்தது

இம்முறை ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதற்கு நம் சங்கத்து மாலை வகுப்பிலிருந்து ஒன்று கூறுவோம். கல்லூரியில் படிக்கும் நம் மாணவி ஒருவர் உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்ப அமர்ந்தார். தளம் திறக்கவில்லை. மறுநாளோடு காலம் முடிகின்றது. அருகில் இருந்தோர் ‘கூட்டம் அதிகம், சர்வர் படுத்துவிட்டது, காலையில் பார்க்கலாம்’ என்றனர். மேற்கூறிய ஒழுங்கை மாணவர்களையே செய்யச் சொன்னோம். எண்ணுக்குப் ‘பிங்’ சென்றது, மறுமொழி வந்தது. ‘என்.எஸ்.லுக்-அப்’ இட்டபோது ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று வந்தது. 8.8.8.8 என்று சேர்த்துக் கேட்டபோது உடனே எண் கிடைத்தது.

அரசின் தளம் நன்றாகவே இருந்தது. இணைப்பு தந்த நிறுவனத்தின் டி.என்.எஸ். சர்வரே வாய் மூடிக் கிடந்தது. அக்கணினியின் இணைப்பு அமைப்பில் டி.என்.எஸ். என்னும் இடத்தில் பொதுச் சர்வரின் எண்ணை எழுதினோம். தளம் திறந்தது, விண்ணப்பம் அன்றிரவே சேர்ந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. நிறுவனத்துக்கு நாள், நேரம், திரையில் தோன்றிய வாசகம் ஆகியவற்றைக் குறித்து முறையீடு அனுப்பினோம். அதை எழுதியவரும் ஒரு மாணவரே.

பொய் விடையும் உண்டு

இல்லை என்ற விடையைக் கேள்வி கேட்கச் சொன்னோம். ‘உண்டு’ என்ற விடையையும் கேள்வி கேட்க வேண்டிய இடம் உண்டு. ‘டி.என்.எஸ். சேஞ்சர்’ என்னும் தீய மென்பொருள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் நாற்பது இலட்சம் கணினிகளில் புகுந்து, அவை கேட்கும் சர்வரையே மாற்றிவிட்டது. பெயர் சரியாக இருந்தும் மக்கள் வேறு இடங்களுக்குத் திருப்பப்பட்டனர். 2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை அக்கும்பலைப் பிடித்தது. திடீரென அச்சர்வர்களை நிறுத்தினால் அத்தனை கணினிகளும் பெயர் தேட வழியின்றி நிற்கும் என்பதால், நீதிமன்ற ஆணையின்படி நல்ல சர்வர்களை அவ்விடத்தில் வைத்து 2012 சூலை 9 வரை நடத்தினர்.

ஆகவே உங்கள் கணினி யாரிடம் கேட்கின்றது என்பதை நல்ல நாளிலேயே பார்த்து எழுதி வையுங்கள். ‘ஐ.பி.கான்ஃபிக்’ என்பதோடு சாய்கோட்டுடன் ‘ஆல்’ என்று சேர்த்தால் அது தெரியும். வீட்டு ரவுட்டரின் எண் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அறியாத எண் ஒன்று புதிதாக அங்கே இருந்தால் விசாரியுங்கள். உதவித்தொகை என்று கூறிக் கைப்பேசிக்கு வரும் இணைப்புகளின் பெயர் ‘கவ் டாட் இன்’ அல்லது ‘நிக் டாட் இன்’ என்று முடிகின்றதா என்று வலமிருந்து படியுங்கள். இடப்பக்கத்தில் அரசின் பெயரை எவரும் எழுதிவிடலாம். வலக்கோடியில் எழுத உரிமை வேண்டும். ஐயம் இருந்தால் வங்கிக் கணக்கு எண்ணையும் ஆதார் எண்ணையும் அங்கே இடாதீர்கள்.

பள்ளியிலும் அலுவலகத்திலும் உள்ள கணினிகளின் டி.என்.எஸ். அமைப்பைப் பொறுப்பாளர் இசைவின்றி மாற்றுவது முறையன்று. உள்ளகத் தளங்கள் அவ்விடத்துச் சர்வருக்கு மட்டுமே தெரிந்தவையாக இருக்கலாம். மாற்றினால் அவை திறவாமல் போகும்.

இனிச் செய்ய வேண்டியது

எண் கிடைத்த பின்னும் தளம் திறக்கவில்லையானால், பெயர்த் தேடலின் வேலை முடிந்தது. குறை அத்தளத்திலோ அங்குச் செல்லும் வழியிலோ உள்ளது. அந்நிலையில் நம் கைக்கருவிகள் அதைத் திறந்துவிட மாட்டா. ஆனால் அவை சான்று தரும். திரையைப் படம் எடுத்து, நாளும் நேரமும் குறித்து, எந்தெந்தச் சர்வரிடம் கேட்டு என்னென்ன விடை வந்தது என்று எழுதி, உரிய அலுவலருக்கு மனுவாக அனுப்புங்கள். ‘தளம் வேலை செய்யவில்லை’ என்று வாயால் கூறுபவரை எவரும் திருப்பி அனுப்பிவிடலாம். நேரம் குறித்த சான்றோடு நீட்டிப்புக் கேட்பவரைத் திருப்பி அனுப்புவது அவ்வளவு எளிதன்று.

சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று, தெருவுக்கு இருவர் வீதம் ஆணும் பெண்ணுமாக இளைஞர்களைத் தேர்ந்து, இந்த ஐந்து படிகளையும் பழக்க வேண்டும். இரண்டு, சங்கக் கணினியின் அருகில் இவற்றை ஆங்கில எழுத்திலும் தமிழ் விளக்கத்திலும் அட்டையில் எழுதித் தொங்கவிட வேண்டும். மூன்று, எந்த விண்ணப்பத்தையும் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே முடிக்கும் வழக்கத்தை நம் பிள்ளைகளிடம் ஏற்படுத்த வேண்டும். பழுது நீக்கத் தெரிந்தவருக்கும் அவகாசம் வேண்டும் அல்லவா?

இளைஞர்களே! இக்கட்டளைகள் சிறியவை, காலம் செல்லச் செல்ல இவற்றின் பெயர்களும் மாறலாம். இவற்றால் பழகும் மனப்பாங்கு மாறாது. விடை கூறியவர் யார்? ஏட்டைப் பார்த்துக் கூறினாரா, பழைய நினைவிலிருந்து கூறினாரா? வேறொருவரிடம் கேட்டால் என்ன கூறுவார்? இம்மூன்று கேள்விகளையும் கணினியிடம் கேட்கப் பழகியவர், அலுவலகத்திலும் வங்கியிலும் கல்லூரியிலும் அமைதியாகவும் பணிவாகவும் அச்சமின்றியும் கேட்பார். அத்தகையோர் நம் தெருக்களில் பெருகுவதே இச்சங்கத்தை நிறுவிய பெரியோர் பட்ட பாட்டுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.

 வளர்க கல்வி! வாழ்க நம் சங்கம்!